நீலம் மறைந்தால் நஞ்சு போய்விட்டதா?

கேமரன் மலையில் கனமழை விட்டதும் ஆறுகள் பால் கலந்த தேநீர் நிறத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சரிவுகளை வெட்டி அமைத்த காய்கறித் தோட்டங்களும் கட்டுமானங்களும் இறக்கிவிடும் மண் அது. ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவருவதும் இந்த வண்டல்தான். சேறு கண்ணுக்குத் தெரியும். கூடவே வரும் பூச்சிமருந்து தெரியாது. இங்குள்ள ஆறுகளில் அதன் எச்சங்கள் இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

வெயிலைக் கொண்டே அந்த நஞ்சைச் சிதைக்க முடியுமா? முடியும் என்கிறது ஒளி வினையூக்கி. டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்றவற்றின் நுண்துகளில் ஒளி பட்டால் ஒரு எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவும். அது இருந்த இடத்தில் ஒரு ‘துளை’ மிஞ்சும். அந்தத் துளை நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் என்ற முரட்டுத் துகளை உண்டாக்கும். அருகில் இருக்கும் கரிம மூலக்கூறுகளை அது தாக்கி உடைக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளி பட்டு நீர் பிரிவதை ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் வெளியிட்ட பிறகே இத்துறை வேகம் பிடித்தது. ஒரு குறை உண்டு: இவற்றுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அது ஏறத்தாழ 5 விழுக்காடுதான்.

துகளைத் தயாரிக்கத் தேயிலையே உதவும். இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றில் துத்தநாக நைட்ரேட்டைக் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வீழ்படிவு இறங்கும். அதைக் கழுவி, உலர்த்தி, உலையில் சுமார் 400 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். தேயிலையின் கேட்டக்கின்கள் துத்தநாக அயனிகளைப் பற்றிக்கொண்டு, துகள்கள் ஒன்றோடொன்று திரளாமல் தடுக்கின்றன. தேயிலை துத்தநாகத்தை ‘ஒடுக்குகிறது’ என்று பலர் எழுதுகிறார்கள். வெள்ளி, தங்கத் துகள்களுக்கு அது பொருந்தும். இங்கே துத்தநாகம் தொடக்கத்திலும் முடிவிலும் இரட்டை நேர்மின்சுமையோடுதான் இருக்கிறது.

தயாரிப்பு எளிது. சோதனையில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வழக்கமான சோதனைப் பொருள் மெத்திலீன் நீலச் சாயம். பொடியைப் போட்டு விளக்கைப் போட்டால் நீலம் மங்கும். அறிவியல் விழாவில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பொடியின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டாலும் சாயம் மங்கும். பொடியே இல்லாமல் வெளிச்சத்திலும் கொஞ்சம் மங்கும். அதனால் மூன்று குவளை வேண்டும்: பொடியில்லாமல் வெளிச்சத்தில் ஒன்று, பொடியோடு இருட்டில் ஒன்று, பொடியும் வெளிச்சமும் சேர்ந்து ஒன்று. மூன்றாவதையும் விளக்கைப் போடுமுன் அரை மணி நேரமாவது இருட்டில் கலக்க வேண்டும். பிறகு அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, மையவிலக்கில் சுழற்றிப் பொடியை நீக்கி, தெளிந்த நீர் 664 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கலாம்.

சாயம் 100 பங்கு என்று வையுங்கள். இருட்டிலேயே 30 பங்கு ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேர வெளிச்சத்துக்குப் பின் 20 பங்கு மிஞ்சியது. ‘80 விழுக்காடு சிதைந்தது’ என்று எழுதினால் அது தவறு. வெளிச்சத்தில் குறைந்தது 50 பங்கு. அதிலும் முதல் குவளையில் தானாக மங்கியதைக் கழிக்க வேண்டும்.

சாயத்தில் கிடைத்த வெற்றியைப் பூச்சிமருந்துக்கும் நீட்டிவிட முடியாது. சாயம் தானே ஒளியை உறிஞ்சி வினையைத் தூண்டக்கூடியது. நிறமற்ற பூச்சிமருந்துகள் பல அப்படிச் செய்யாது. அதைவிடப் பெரிய சிக்கல் பாதி உடைந்த மூலக்கூறுகள். குளோர்பைரிபாஸ் ஆக்சிஜனேற்றம் அடையும்போது உருவாகும் ஆக்சான், மூலப் பொருளைவிடக் கொடிய நஞ்சு. அங்கே நிறுத்திவிட்டால் தண்ணீர் முன்பைவிட மோசமாகக்கூடும். எனவே மூலப் பொருளும் அதன் உடைந்த துண்டுகளும் எவ்வளவு மிஞ்சின என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனும் குறைகிறதா என்று அளக்க வேண்டும்.

அடுத்து, ஆய்வகத்தின் சுத்த நீரை விட்டுவிட்டு, பெர்த்தாம் ஆற்று நீரில் அதே சோதனையைச் செய்து பார்க்கலாம். சேறு ஒளியை மறைக்கும். நீரில் கரைந்த மற்றக் கரிமப் பொருள்கள் ஹைட்ராக்சிலைத் தட்டிப் பறிக்கும். துத்தநாக ஆக்சைடு அமில நீரில் கரையவும் செய்யும், துத்தநாக அயனிகளோ மீன்களுக்கு ஆகாதவை. சோதனை முடிந்ததும் பொடியை வடிகட்டிவிட்டு, நீரில் துத்தநாகம் எவ்வளவு என்றும் அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள்.