வண்டி எடுக்கும் அண்ணன் மகளுக்கு

கண்ணு, கோவையிலிருந்து புறப்பட்டு ஊட்டி, முதுமலை, பந்திப்பூர், மைசூரு பார்த்துவிட்டு, சாமராஜநகர், திம்பம் வழியாகச் சத்தியமங்கலத்தில் இறங்கப் போகிறாய் என்று அண்ணன் போனில் சொன்னார். நான் உன்னைத் தடுப்பேன் என்ற நம்பிக்கையில் சொன்னார் போலிருக்கிறது. நான் தடுக்கவில்லை. அம்பாசிடர் காலத்திலிருந்து நானும் உன் மாமாவும் போய்வருகிற பாதை அது. வண்டி ஓட்டத் தெரிவது வேறு, வழிவிடத் தெரிவது வேறு. முதலாவது உனக்கு வந்துவிட்டது. இரண்டாவதுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. இ-பாஸை வீட்டிலிருந்தே எடுத்துவிடு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்றுகூட வண்டியில் இருக்கக் கூடாது. எவர்சில்வர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள். செக்போஸ்ட்டில் கேட்டால் டிக்கியைத் திறந்து காட்டு, முகம் சுளிக்காமல் காட்டு. “நான் யாருன்னு தெரியுமா?” என்று ஒருவர் அங்கே சத்தம்போட்டதில், பின்னால் இருந்த வரிசை முழுக்க வெயிலில் காய்ந்தது. அவர் யாரென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

2. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. குறுகலான இடத்தில் இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சட்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது அந்த உரிமை உன்னுடையது. அதற்காக அரசுப் பேருந்திடம் போய் உரிமை பேசாதே. கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்ப ரோடு முழுவதும் வேண்டும். மேலே பேருந்து தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே தள்ளி நின்றுவிடு. டிரைவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். உன் மாமா அந்த ஒரு கைக்காகவே நிற்பார்.

3. எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. இதை மட்டும் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டாலும் தப்பில்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிச் சூடேறி, ஒரு கட்டத்தில் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. செகண்டில் போட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். உன்னுடையது ஆட்டோமேட்டிக் என்பதால் கவனம் இன்னும் வேண்டும். ‘டி’யில் போட்டுவிட்டு மறந்துவிடாதே; ‘எல்’லுக்கோ மேனுவலுக்கோ மாற்று. நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்று கூட வருகிறவர் யாராவது சொன்னால், முதலில் அவரை இறக்கிவிடு.

கோத்தகிரி இறக்கத்தில் ஒருமுறை எங்கள் வண்டியில் கருகல் வாடை அடித்தது. பின்னால் வந்த கேரட் லாரிக்காரர் ஹாரன் அடித்து எங்களை ஓரம்கட்ட வைத்தார். சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் குடிதண்ணீரை எடுத்துச் சக்கரத்தில் ஊற்றப் போனேன். “ஊத்தாதீங்கம்மா, தானா ஆறட்டும்” என்றார். அவர் லோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டியது. ஆனாலும் பிரேக் ஆறும்வரை எங்களோடு நின்றுவிட்டுத்தான் போனார். அவர் சொல்லித்தந்த கியர் பாடத்தை மறக்கவில்லை. அவர் நின்றதை அதைவிட மறக்கவில்லை.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக ஒரு பாதை உண்டு. 36 கொண்டை ஊசி வளைவுகள். கோரமான விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. தூரம் குறைச்சல் என்று யாரிடமும் கெஞ்சாதே. கூடலூர் வழியாகவே போ.

4. ஏரிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஊட்டி ஏரி, கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் வெட்டவைத்தது. படகுத்துறைக் கூட்டத்தில் அரைநாளைத் தொலைக்காதே. ஒரு தடவை சுற்றிப் பார்த்தால் போதும். கூடலூர் ரோட்டில் பைக்காரா இருக்கிறது, அங்கே நில். சுற்றிலும் தெரியும் தைலமரமும் சீகை மரமும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பள்ளங்களில் கரும்பச்சையாக நெருங்கி நிற்கும் சோலைதான் இந்த மலையின் சொந்தக் காடு, ஆறுகளுக்குத் தண்ணீர் தருவதும் அதுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்.

5. காட்டுக்குள் நுழைவதைக் கடிகாரம் பார்த்து முடிவு செய். முதுமலை, பந்திப்பூர் ரோடு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். பந்திப்பூரில் 2009 முதல் இந்தத் தடை இருக்கிறது. இரவில் வண்டி மோதிச் செத்த விலங்குகள்தான் காரணம். எட்டே முக்காலுக்கு கேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று அதே காட்டுக்குள் பறக்கிறவர்களை என்ன சொல்வது? நீ மாலை 4 மணிக்குள் முதுமலையிலுள்ள தெப்பக்காட்டைத் தாண்டிவிடு.

யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நின்றுவிடு. என்ஜினை அணைக்காதே, ஹாரன் அடிக்காதே, லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்காதே. யாரும் கதவைத் திறக்கக் கூடாது. காதை விசிறிக்கொண்டு நின்றால் அது தன் பாட்டுக்கு இருக்கிறது. காதை விரித்து நிறுத்தி உன்னையே பார்த்தால், மெதுவாகப் பின்னால் வா. முன்னால் நிற்கிற வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டால் அவருக்குப் பின்னால் வர வழி இருக்காது என்பதையும் நினைத்துக்கொள். குட்டி கண்ணில் பட்டால், தாய் எந்தப் பக்கம் என்று தெரியும்வரை நகராதே. ஒருநாள் நாங்கள் அப்படி நின்றிருந்தபோது உன் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஜீப்பில் இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் கேட்டார்: “ஐயா, நேரம் பார்த்து அதுக்கு என்ன ஆகணும்?”

மானுக்கு பிஸ்கட் போடாதே. குரங்குக்கும் போடாதே. ரோட்டோரம் தீனி கிடைக்கும் என்று பழகிய விலங்கு ரோட்டிலேயே அடிபட்டுச் சாகும்.

6. கூட வருகிற மூன்று பேரும் உன் சிநேகிதிகள். ஆனாலும் ஸ்டியரிங்கில் இருக்கும்போது வண்டிக்கு நீதான் பெரியவள். “சீக்கிரம் போடி” என்று பின்சீட்டிலிருந்து வரும் குரலுக்குப் பதில் சொல்லாதே. தூக்கம் வந்தால் சொல்ல வெட்கப்படாதே. முன்சீட்டில் உட்காருகிறவள் தூங்கக் கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடு.

7. பழைய ஊருக்குள் வண்டியை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு நட. மைசூரு அரண்மனை இன்றைய உருவில் 1912-இல் கட்டி முடிந்தது. 1897-இல் ஒரு கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோன பிறகு எழுந்தது. வரைந்தவர், நம் சென்னை உயர் நீதிமன்றக் கட்டிடத்திலும் பங்குள்ள ஹென்றி இர்வின். ஞாயிற்றுக்கிழமை மாலை கிட்டத்தட்ட ஒரு லட்சம் விளக்குகள் எரியும், உன் நாட்களை அதற்கேற்ப வைத்துக்கொள்.

அரண்மனையைவிட எனக்குப் பிடித்தது ஸ்ரீரங்கப்பட்டினம். காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்ட தீவு. 1799 மே 4 அன்று திப்பு விழுந்த இடம், ரங்கநாதர் கோயில், திப்புவின் சமாதியான கும்பஸ் என்று அரைமணியில் வண்டியிலேயே சுற்றிவிட்டு மக்கள் கிளம்பிவிடுகிறார்கள். நீ தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முன்னால் நின்று பார். 1780-இல் நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையை முறியடித்த போர் சுவர் நிறைய இருக்கிறது. தோற்ற தளபதி பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருப்பான். அவனைத் தேடிக் கண்டுபிடி. முதல் தடவை அவசரத்தில் பார்த்தபோது எனக்கு வெறும் குதிரைகள்தான் தெரிந்தன.

8. சோமநாதபுரத்தை விட்டுவிடாதே, மைசூரிலிருந்து 35 கிலோமீட்டர் அளவுதான். 1258-இல் எழுந்த ஹொய்சளர் கோயில், 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே பூசை இல்லை, வரிசை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. வெளிச்சுவரின் மாக்கல் சிற்பங்களுக்குக் கீழே சிற்பிகள் தங்கள் பெயரை வெட்டியிருக்கிறார்கள். மல்லிதம்மா என்கிற பெயர் திரும்பத் திரும்ப வரும். தொட்டுப் பார்க்க ஆசை வரும், தொடாதே. நம் கை வேர்வை அந்தக் கல்லுக்கு ஆகாது.

9. கடைசி நாள்தான் ஆபத்தான நாள். வீட்டு நினைப்பு வந்துவிட்டால் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். ஆசனூரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பு. ஆசனூருக்கு முன்னாலேயே காரப்பள்ளம் செக்போஸ்ட் அருகே யானைகள் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்பதுண்டு. லாரியை மறித்து ஆளுக்கொரு கட்டு உருவிக்கொண்டால்தான் விடும், அதுவரை எல்லோரும் நிற்க வேண்டியதுதான். அப்புறம் திம்பத்தின் 27 வளைவுகள். இங்கும் கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை தடை, லாரிகளுக்கு மாலை 6-க்கே. அந்த 6 மணிக்கு முன்னால் இறங்கிவிடப் பார்க்கும் லாரிகள் வளைவில் மாட்டிக்கொள்வது சகஜம். மாட்டினால் எதிர்த்தடத்தில் நுழைந்து முந்தப் பார்க்காதே. அப்படிப் போன ஒரு காரால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு இருட்டும்வரை நாங்கள் அங்கே கிடந்திருக்கிறோம். மதியமே இறங்கு. பன்னாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு எனக்கு ஒரு போன் போடு. வண்டியை நிறுத்திவிட்டுப் போடு.