250 வாட் வண்டி மேம்பாலம் ஏறுவது எப்படி?

கேள்வி: மகளுக்கு மின் ஸ்கூட்டர் வாங்கப் போகிறேன். '250 வாட், பதிவும் லைசென்ஸும் வேண்டாம்' என்கிறார் கடைக்காரர். ஆனால் இருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறுகிறதே!

பதில்: 250 வாட் என்பது மோட்டார் அளவுமீறிச் சூடாகாமல் தொடர்ந்து அரை மணி நேரம் தரும் திறன். ஏற்றத்தில் சிறிது நேரம் அதைவிடக் கூடுதலாகவே தரும். எவ்வளவு மின்னோட்டம் விடலாம் என்று தீர்மானிப்பது கன்ட்ரோலர். 48 வோல்ட் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் இழுத்தால் 960 வாட். வெப்பமாக வீணாவது போக மீதி சக்கரத்துக்கு. எனவே மேடேறுவதில் தவறில்லை.

சட்டம் பார்ப்பது வேறு. அரை மணித் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விலக்கு. அதற்கான சோதனை நிறுவனச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

முக்கியமாக, 'ஒரு ஒயரைக் கழற்றினால் 45-இல் போகும்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அந்த நொடியே அது மோட்டார் வாகனம். பதிவு, காப்பீடு, லைசென்ஸ் எல்லாம் தேவை. பிரேக்கும் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. ஓட்டப்போவது உங்கள் மகள்.