திரையும் கரையும்

திரை என்னும் சொல் தமிழில் பல பொருள் தரும். கடலின் அலை திரை எனப்படும். முதுமையில் தோலில் விழும் மடிப்பும் திரையே. நாடக மேடையை மறைத்து நிற்கும் துணியும் திரையே. அத்துணியின் பெயர் பின்னர்ப் படம் காட்டும் வெண்டுணிக்கு வந்தது. இன்று, டேப்லெட் என்று வழங்கும் கையடக்கக் கணினியின் கண்ணாடி முகத்திற்கும் அதுவே பெயராயிற்று. கடல் அலை ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஓய்வு என்பது அதற்கு இல்லை. கண்ணாடித் திரையில் தோன்றும் காட்சிகளும் அத்தன்மையவே. ஆயினும், கடற்றிரைக்குக் கரை உண்டு. கண்ணாடித் திரைக்கு அது தானாக அமைவதன்று.

முன்னாளில் மக்கள் கண்டும் கேட்டும் மகிழ்ந்தவை யாவும் முடிவுடையனவாக இருந்தன. தெருக்கூத்து இரவு முழுதும் நடப்பினும், பொழுது புலர்ந்ததும் கூத்தர் முடியும் புயமும் களைவர். படம் முடிந்ததும் அரங்கில் விளக்குகள் எரியும். வானொலி நாடகம் குறித்த நேரத்தில் நின்றுவிடும். நூலுக்கு இறுதிப் பக்கம் உண்டு. அகல் விளக்கில் படித்தோர்க்கு எண்ணெயே ஓர் எல்லையாயிற்று. முடிவு வந்தவுடன், 'இனிச் செய்யத்தக்கது யாது?' என்னும் வினா உள்ளத்தில் எழும். அவ்வினா எழும் நொடியிலேதான் மனிதன் இருக்கையை விட்டு எழுகின்றான்.

கையடக்கக் கணினி இவ்வினா எழாதவாறு செய்துவிடுகின்றது. இஃது அக்கருவியின் இயல்பு என்று கருதுதல் பொருந்தாது. மக்கள் ஆராய்ந்து அமைத்த அமைப்பு ஆகும். 2006ஆம் ஆண்டில் ஆசா ராஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், ஒரு பக்கத்தின் அடிக்கு வந்ததும் அடுத்த பகுதி தானே வந்து சேருமாறு ஒரு முறையைக் கண்டார். 'அடுத்த பக்கம்' என்று தொட்டுச் செல்லும் வேலை அதனால் ஒழிந்தது. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் விற்பனைக்கு வந்தபின், இத்தகைய கருவிகள் இல்லந்தோறும் புகுந்தன. 2015ஆம் ஆண்டில் யூடியூப், ஒரு காணொளி முடிந்ததும் மற்றொன்று தானே தொடங்கும் முறையை மேற்கொண்டது. கடைசிப் பக்கமும் போயிற்று. அரங்கின் விளக்கும் போயிற்று. தாம் கண்ட முறை மக்களின் பொழுதைக் கவர்வதை அறிந்து, ராஸ்கின் பின்னாளில் வருந்திப் பேசினார். ஐபேடை உலகிற்கு அளித்த ஸ்டீவ் ஜாப்சோ, அது வெளிவந்த ஆண்டிலேயே செய்தியாளர் ஒருவர் வினவியபோது, தம் மக்கள் அதனைப் பயன்படுத்தியதில்லை என்றும், வீட்டில் பிள்ளைகள் கருவிகளைக் கையாளுதற்கு அளவு வைத்திருப்பதாகவும் விடை கூறினார். செய்தவர் அறிந்திருந்தனர், வாங்கியவர் அறிய நாளாயிற்று.

அங்ஙனமாயின் அக்கருவியை வீட்டினின்று அகற்றிவிடலாமே எனின், அது முறையன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசியும் கையடக்கக் கணினியுமே பலர்க்கு வகுப்பறையாக விளங்கின. ஒரு மூட்டை நூல்களை அச்சிறு பலகை தாங்கும். கண்ணொளி குன்றியோர்க்கு அஃது எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும். முற்றும் இழந்தோர்க்கு நூலை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். எனவே வேண்டுவது அளவே. அவ்வளவை எவர் வகுப்பது, எவ்வாறு காப்பது என்பவையே அரிய வினாக்கள்.

அளவு கடந்தால் முதலில் குறைவது உறக்கம். இரவு வந்ததும் மூளையில் மெலட்டோனின் என்னும் சுரப்புப் பெருகி உடலை உறக்கத்திற்கு ஆயத்தம் செய்கின்றது. ஒளிவீசும் திரையை முகத்தருகே ஏந்தியிருப்பின் அச்சுரப்புப் பிந்துகின்றது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மருத்துவமனை ஒன்றில் பன்னிருவரைக் கொண்டு இதனை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு இறுதியில் முடிவை வெளியிட்டனர். அவர்கள் ஐந்து இரவுகள், படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் ஐபேடிலும், வேறு ஐந்து இரவுகள் அச்சிட்ட நூலிலும் படித்தனர். ஒளித்திரையில் படித்த நாட்களில் உறக்கம் வர ஏறத்தாழப் பத்து நிமிடம் கூடுதலாயிற்று. மெலட்டோனின் சுரக்கும் நேரம் ஒன்றரை மணிக்கு மேல் பிந்தியது. மறுநாட் காலையில் தெளிவும் குறைந்தது. பத்து நிமிடம் சிறிதன்றோ எனின், அவர்கள் படித்தவை அமைதியான நூல்களே என்பதையும், ஆய்வுக்கூடத்தில் குறித்த நேரத்தில் விளக்கு அணைக்கப்பட்டது என்பதையும் நினைத்தல் வேண்டும். வீட்டில் போர்வைக்குள் விளையாடும் சிறுவனுக்கு விளக்கணைப்பார் எவர்?

பழந்தமிழர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இருபத்து நான்கு நிமிடம். மணிக் கணக்கில் மறைந்துபோகும் சிறு பொழுதும் நாழிகைக் கணக்கில் தெளிவாகத் தோன்றும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பர் மருத்துவர். நடுவாக ஒன்பது மணி எனக் கொள்ளின் அது 22½ நாழிகை. பள்ளிக்கும் போக்குவரவிற்கும் 20 நாழிகை. குளியல், உணவு, வீட்டுவேலை ஆகியவற்றுக்கு 5, வீட்டுப்பாடத்திற்கு 5. எஞ்சுவன 7½ நாழிகை, அஃதாவது மூன்று மணி. விளையாட்டும், நண்பரும், தாய்தந்தையரோடு பேசும் பேச்சும், விரும்பிப் படிக்கும் நூலும், வாளா இருத்தலும் இம்மூன்று மணிக்குள் அடங்கல் வேண்டும். 2024ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுப் பொதுநல அமைப்பு, இவ்வயதினர் பள்ளிக்கு வெளியே இரண்டு முதல் மூன்று மணிக்கு மேல் திரையை நோக்குதல் ஆகாது என அறிவுறுத்தியது. தமிழ்நாட்டுப் பள்ளி நாளுக்கு அவ்வளவும் மிகையே. மூன்று மணியையும் திரைக்கே தந்துவிடின், ஏனையவற்றுக்கு ஒரு நாழிகையும் மிஞ்சாது. இரண்டரை நாழிகை, அதாவது ஒரு மணி, பள்ளி நாளில் தாங்கக்கூடிய அளவாகும்.

இவ்வளவை அரசே வகுத்துக் காத்தால் என்ன? தென்கொரியா அதனையும் செய்து பார்த்தது. 2011ஆம் ஆண்டு நவம்பர் முதல், பதினாறு வயது நிரம்பாதோர் நள்ளிரவு பன்னிரண்டு மணி முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டுகளில் நுழையாவாறு அந்நாடு சட்டம் இயற்றியது. நள்ளிரவு மணி அடித்ததும் ஓடவேண்டிய சிண்ட்ரெல்லாவின் பெயராலேயே மக்கள் அச்சட்டத்தைக் குறித்தனர். நாட்டில் ஒவ்வொருவருக்கும் பதிவெண் உண்டு. அதனைக் கொண்டே வயது கணிக்கப்பட்டது. சிறுவர் சிலர் பெற்றோரின் பதிவெண்ணைக் கொண்டு நுழைந்தனர். அதனினும் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. சட்டம் மேசைக் கணினி விளையாட்டை நோக்கி எழுதப்பட்டது. சிறுவரோ கைப்பேசி விளையாட்டிற்குப் பெயர்ந்துவிட்டனர். மதகைக் காவல் செய்ய, வெள்ளம் வேறு வழியாகச் சென்றது. 2021ஆம் ஆண்டில் அரசு அச்சட்டத்தை நீக்க முடிவு செய்தது. 2022 சனவரியில் அது வழக்கொழிந்தது. அளவை வகுக்கும் பொறுப்புப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் மீண்டது.

சீன நாடு மேலும் கடுமை காட்டியது. 2021 செப்டம்பர் முதல், பதினெட்டு வயதிற்கு உட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகிய நாட்களில் மட்டும், இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை மட்டும், இணைய விளையாட்டில் ஈடுபடலாம் என ஆணை பிறந்தது. விளையாட்டு நிறுவனம் ஒன்று முகத்தைக் கண்டறியும் முறையையும் கையாண்டது. ஆண்டும் சிறுவர் சிலர் பெரியோர் பெயரில் உள்ள கணக்கைக் கொண்டு நுழைந்தனர்.

கருவியைச் செய்த நிறுவனங்களே பூட்டும் செய்து தந்துள்ளன. கூகுள் 2017ஆம் ஆண்டிலும் ஆப்பிள் 2018ஆம் ஆண்டிலும் இவ்வசதிகளைக் கொண்டுவந்தன. நாளொன்றுக்கு இத்துணை நேரம் என்றும், இன்ன மணிக்குமேல் திறவாது என்றும், இன்ன செயலிக்கு இவ்வளவே என்றும் பெற்றோர் அமைக்கலாம். கடவுச்சொல் அவரிடம் இருக்கும். வீதியில் வண்டி ஓட்டும் தந்தை, அடுப்படியில் நிற்கும் தாய் ஆகியோர்க்கு இப்பூட்டு உற்ற துணையே. எனினும் தாய் விரலசைவதை ஓரக்கண்ணால் நோக்கிக் கடவுச்சொல்லை அறிந்த பிள்ளைகள் உளர். கருவியின் கடிகாரத்தையே மாற்றிவைத்த கூர்மதியினரும் இருந்தனர். பூட்டு நேரத்தைக் காக்கும்; விருப்பத்தை மாற்றுதல் அதனால் இயலாது.

இனி வீட்டைக் காண்போர்க்கு ஒன்று விளங்கும். பூசல் எழுவது பார்க்கும்போது அன்று, நிறுத்தும்போதே எழுகின்றது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களில் இதனை ஆராய்ந்தனர். 'இன்னும் இரண்டு நிமிடந்தான்' என்று முன்னறிவித்தல் நலம் என்றே எவரும் எண்ணுவர். ஆய்வில் கண்டதோ மாறானது. அவ்வறிவிப்புக் குழந்தையின் சினத்தை மிகுத்தது. காட்சி இயல்பாக முடியும் இடத்தில் நிறுத்தியபோதும், நாள்தோறும் ஒரே வேளையில் நிறுத்தும் பழக்கம் இருந்தபோதும், கருவியே தானாக நின்றபோதும் அழுகை குறைந்தது. முடிவுள்ள காட்சியை முடித்துவிட்டு எழுதல் எளிது. நடுவில் அறுக்கப்படுதல் கொடிது. ஆகவே, 'முப்பது நிமிடம்' என்று அளப்பதைவிட 'ஒரு பாடமும் ஓர் ஆட்டமும்' என்று அளப்பது இல்லத்தில் நன்கு நிற்கும். அடுத்த காணொளி தானே தொடங்கும் அமைப்பை முன்னரே நிறுத்தி வைத்தல் இதற்கு இன்றியமையாதது. அதற்கு உரிய பொத்தான் கருவியிலேயே உள்ளது, தொட்டவர் சிலரே.

நெகிழ்ந்து கிடந்த அளவை இறுக்கப் புகுவோர், பிள்ளை விளையாட்டின் நடுவில் இருக்கும்போது பறித்தல் தகாது. கருவி அணைந்திருக்கும் காலைப்பொழுதில், அனைவரும் அமர்ந்திருக்க, அளவையும் அதன் காரணத்தையும் கூறுதல் வேண்டும். காரணம் கூறாத விதி, காவலர் அகன்றதும் அகன்றுவிடும். இரவில் எல்லாக் கருவிகளும் படுக்கையறைக்கு வெளியே, கூடத்தில் ஒரே இடத்தில் மின்னேற்றம் பெறட்டும்; தந்தையின் கைப்பேசியும் அங்கேயே இருக்கட்டும். தாம் உணவுத் தட்டின் அருகில் கைப்பேசியை வைத்துக்கொண்டு மகளின் கருவியை வாங்கி வைக்கும் பெரியோரை எந்த மகளும் மனத்தால் மதியாள்.

கடுமையாக்கிய முதற்சில நாட்களில் பூசல் முன்னையினும் மிகும். இதனை அறியாத பெற்றோர் முறையே பிழைபட்டது என்று எண்ணித் தளர்வர். பத்து முறை மறுத்துப் பதினோராம் முறை இசைந்தவர், பதினொரு முறை கேட்கும் வித்தையைத் தாமே கற்பித்தவர் ஆவர். அலை ஓய்ந்தபின் நீராடலாம் என்று காத்திருந்தவனைப்போல், பிள்ளை தானே சலித்து நிறுத்தட்டும் என்று காத்திருத்தலும் பயனற்றது.

திரையினின்று மீட்ட நேரம் வெறுமையாகக் கிடப்பின் மனம் மீண்டும் திரையையே நாடும். சீனத்தின் குவாங்சௌ நகரில் பன்னிரண்டு பள்ளிகளில் செய்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியாயிற்று. அவற்றுள் பாதியில், முதல் வகுப்புக் குழந்தைகள் நாள்தோறும் கூடுதலாக நாற்பது நிமிடம் வெட்டவெளியில் விடப்பட்டனர். மூன்றாண்டின் பின், ஏனைய பள்ளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றியிருக்க, இப்பள்ளிகளில் அது முப்பதாக நின்றது. மாலை வெயிலில் ஒன்றரை நாழிகைப் பந்தாட்டம் கண்ணுக்கும் மருந்தாகின்றது. உறக்கத்தையும் விரைவில் அழைத்து வருகின்றது.

பள்ளியை முடித்துக் கல்லூரி விடுதிக்குச் செல்லும் மாணவனிடத்தும் மாணவியிடத்தும் கடவுச்சொல் கேட்பார் இலர். அங்குத் திறவுகோல் அவர் கையிலேயே இருக்கும். அதன்முன் சில ஆண்டுகளேனும் அத்திறவுகோலைச் சிறிது சிறிதாக ஏந்திப் பழகுதல் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் உள்ளோர், வாரத்திற்கு வேண்டிய அளவைத் தாமே கூறலாம். பெற்றோர் இசைந்து அதனைப் பூட்டில் அமைக்கலாம். கடந்துவிட்டால் அடுத்த வாரம் சுருக்கலாம். எந்தச் செயலியில் எத்துணை மணி கழிந்தது என்னும் கணக்கைக் கருவியே வாரந்தோறும் எழுதிக் காட்டுகின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கணக்கைத் திறக்குமுன், தாம் பார்த்தது இவ்வளவே என ஒரு தாளில் எழுதி வைத்தல் நன்று. எழுதிய எண்ணும் கருவி காட்டும் எண்ணும் பெரும்பாலும் ஒத்திரா. தந்தையும் தாயும் தத்தம் கைப்பேசியைத் திறக்குமுன் அவ்வாறே எழுதுவாராயின், அன்றைய காலையுணவு சற்றுப் பிந்தும்.