கோபுரம் ஏன் மலை உச்சியில் நிற்கிறது?

ரத்தோட்டை கடந்து ரிவர்ஸ்டனுக்குப் போகிறவர்கள் அங்குள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்தையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். காற்று ஆளையே தள்ளும் அந்த இடத்தில், பனிமூட்டத்துக்குள், இவ்வளவு பெரிய இரும்பை ஏன் கொண்டுபோய் நிறுத்தினார்கள்? பதிலில் பாதி நாம் உயர்தரப் பௌதிகவியலில் படிக்கும் அலைகள் பாடத்திலேயே இருக்கிறது. மீதியை மாத்தளையின் மலைகள் தீர்மானிக்கின்றன.

கையடக்கத் தொலைபேசி பேசுவது பக்கத்துக் கோபுரத்துடன் மட்டுமே. வெளிநாட்டிலிருக்கும் வாப்பாவின் குரல் அந்தக் கோபுரம் வரை வந்துசேர வேறொரு பாதை வேண்டும். நகரங்களில் அது பெரும்பாலும் ஒளியியல் நார். மலைப்பகுதியில் நார் இழுக்கச் செலவு அதிகம். மண்சரிவில் வீதி போனால் நாரும் போய்விடும். அங்கே கைகொடுப்பது நுண்ணலை இணைப்பு, அதாவது இரு கோபுரங்களில் ஒன்றையொன்று பார்த்தபடி பொருத்தப்பட்ட வட்டத் தட்டுகள். திரையில் சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் அழைப்பு திக்கித் திணறினால், குறை சிலவேளை இந்தப் பின்பாதையில் இருக்கும்.

நுண்ணலை ஏறக்குறைய ஒளியைப் போல நேராகச் செல்லும். மாத்தளை நகருக்கும் லக்கலைக்கும் நடுவே நக்கிள்ஸ் மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. இந்தப் பக்கத்துத் தட்டு அந்தப் பக்கத்துத் தட்டைப் பார்க்க முடியாது. இரு பக்கமும் தெரியும் முகடு ஒன்றில் இடைக்கோபுரம் வேண்டும். ரிவர்ஸ்டன் அப்படியான இடம்.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல்போல மெல்லிய கோட்டில் போவதில்லை. வெள்ளரிக்காய் போல நடுவில் பருத்த ஒரு வெளி அதற்குத் தேவை. அதைப் பிரெனல் வலயம் என்பார்கள். ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். தூரம் 20 கிலோமீற்றர், மீடிறன் 7 கிகாஹேட்ஸ், எனவே அலைநீளம் சுமார் 4.3 சென்ரிமீற்றர். அலைநீளத்தையும் தூரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் வகுத்தால் நடுப்பகுதியின் ஆரை கிடைக்கும்: ஏறக்குறைய 14.6 மீற்றர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 9 மீற்றரளவு, தடையின்றி இருக்கவேண்டும். பூமியின் வளைவு நடுவில் இன்னும் 6 மீற்றரை எடுத்துக்கொள்ளும். ஆகவே நடுவழியிலுள்ள மேட்டுக்கு 15 மீற்றர் மேலாலாவது பார்வைக்கோடு செல்லவேண்டும். மேட்டில் மரம் இருந்தால் அதன் உச்சியிலிருந்து அளக்கவேண்டும். மரம் வளரும் என்பதும் கணக்கில் சேரும்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் தண்ணீர். காடு அலையைச் சிதறடித்துவிடும். அமைதியான நீர்ப்பரப்போ கண்ணாடிபோல் தெறிக்கச் செய்யும். நேரே வந்த அலையும் தெறித்து வந்த அலையும் எதிர் அவத்தையில் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். நாம் படித்த தலையீடுதான் இது. களு கங்கை நீர்த்தேக்கம் நிரம்பியபோது லக்கலையில் ஒரு பகுதி நீருக்கடியில் போனது. அங்கே இணைப்பைத் திட்டமிடுபவர் பழைய வரைபடத்தை நம்பினால் ஏமாந்துபோவார். இதற்கு ஒரு பரிகாரம், ஒரே திசையை நோக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக இரு தட்டுகளை வைப்பது. ஒன்றில் அலை மங்கும்போது மற்றதில் பெரும்பாலும் மங்காது. அடுத்த முறை ஒரு கோபுரத்தைக் கடக்கும்போது அண்ணாந்து பாருங்கள்.

அடுத்தது மழை. சுமார் 10 கிகாஹேட்ஸுக்கு மேல் மழைத்துளிகள் அலையின் சக்தியை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. அதனால் 18, 23 கிகாஹேட்ஸ் குறுந்தூரத்துக்கு. நீண்ட பாய்ச்சலுக்கு 6, 7, 8. நக்கிள்ஸின் கிழக்குச் சரிவு வடகீழ்ப் பருவமழை நேரே மோதும் பக்கம். ஓர் இணைப்பு 99.99 சதவீதம் வேலை செய்யும் என்றால், வருடத்தில் சுமார் 53 நிமிடம்தான் அறுந்திருக்கும். கேட்க நல்ல எண்தான். ஆனால் மழையால் அறுந்தால் அந்த நிமிடங்கள் கொட்டும் மழையிலேயே, மண்சரிவு எச்சரிக்கை வீடுகளுக்குப் போய்ச்சேர வேண்டிய நேரத்திலேயே வரும். சராசரியில் இது தெரியாது.

ஆகவே நல்ல திட்டத்தில் வழி ஒன்றோடு நிற்காது. ரிவர்ஸ்டன் பக்கம் அறுந்தால் நாவுல பக்கத்தால் சுற்றிவர ஒரு வளையம் இருக்கவேண்டும். 2010 முதல் உலக மரபுரிமையான நக்கிள்ஸ் காட்டுக்குள் நினைத்த இடத்தில் கோபுரம் எழுப்பவும் முடியாது. கொரோனாக் காலத்தில் ஊவா மலைக்கிராமமொன்றின் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்காகப் பாறை உச்சிக்கு ஏறியது செய்திகளில் வந்தது. வீடுகள் குறைந்த பள்ளத்தாக்குக்கு இரண்டாவது வழிக்கான செலவு வீணென்று சிலர் சொல்லலாம். பாறை ஏறிய பிள்ளைகளுக்கு முதலாவது வழிகூட ஒழுங்காக இருக்கவில்லை.