இணையமும் இல்ல வருவாயும்

வீட்டிலிருந்தபடியே பொருளீட்டுவது நம் நாட்டிற்குப் புதியதன்று. 1959ஆம் ஆண்டில் மும்பையில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று அப்பளம் இடத் தொடங்கினர். நாடறிந்த 'லிஜ்ஜத்' அப்பளத்தின் தோற்றம் அதுவே. பிசைந்த மாவு வீட்டிற்குச் செல்லும். அப்பளம் திரும்பி வரும். எடைக்கு ஏற்பக் கூலி கிடைக்கும். நெல்லைச் சீமையில் பீடி சுற்றும் தாய்மாரும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றே கூலி பெறுகின்றனர். மாவும் இலையும் வந்த வீட்டு வாயிலில் இன்று கைப்பேசி வழியே வேலை வருகிறது. முறை பழையது, கருவிதான் புதியது.

விடுதியில் வாழும் நம்மைத் தேடி ஊரிலிருந்து வரும் அழைப்புகளில் இப்பொழுது ஒரு வினா அடிக்கடி எழுகிறது. "ஏம்ப்பா, போன்லயே வேலை செஞ்சு சம்பாதிக்கலாமாமே, நெசமா?" என்று அன்னையர் கேட்கின்றனர். தந்தையர் நேரே கேட்பதில்லை. அன்னையர் வாயிலாகக் கேட்கின்றனர். அவர்கள் ஈட்ட விரும்பும் அந்தக் கூடுதல் பணம் பெரும்பாலும் நம் கட்டணத்திற்கும் தம்பி தங்கையர் படிப்பிற்குமே. ஆதலால் "தெரியாதம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

"ஓய்வு நேரத்தில் செய்யலாம்" என்று விளம்பரங்கள் கூறுகின்றன. அந்த ஓய்வு எங்கே இருக்கிறது? நடுவண் அரசு 2024ஆம் ஆண்டில் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடங்களே. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அடுக்களைக்குப் போனபின் எஞ்சுவது முழு நேரமன்று. துண்டு துண்டான நேரம். வேலையைத் தேர்ந்தெடுக்குமுன் இதை உணர வேண்டும்.

அடுத்தது கணக்கு. அளவு எதையும் அலகோடு சொல்லப் பழகியவர்கள் நாம். "மாதம் பல ஆயிரம்" என்பது அலகு தவறிய பேச்சு. எத்தனை மணி நேரத்திற்கு என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுத்தில் வடிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரப் பேச்சுக்கு 800 ரூபாய் தருகிறார்கள் என வைத்துக்கொள்வோம். கேட்பவர் காதில் அது மணிக்கு 800 ரூபாய் என்றே விழும். ஆனால் ஒரு மணி நேரப் பேச்சை வடிக்கப் பழகிய கைக்கே ஏறத்தாழ 4 மணி நேரம் பிடிக்கும். வேலை வாங்கித் தரும் தளம் பத்தில் ஒரு பங்கு பிடித்துக்கொண்டால் மிஞ்சுவது 720. வேலை தேட ஒரு மணி, திருத்தங்களுக்கு ஒரு மணி. ஆக 6 மணி நேரம். மணிக்கு 120 ரூபாய்! புதியவருக்கு வடிக்க மட்டும் 8 மணி நேரம் ஆகும் என்றால், கூலி மணிக்கு 72 ரூபாயாக இறங்கும். இன்று முதல் வரைவை இயந்திரமே எழுதிவிடுவதால் திருத்தும் வேலைதான் மனிதருக்கு வருகிறது. அதற்குக் கூலியும் குறைவு. வேண்டாம் என்பதன்று என் கருத்து. ஒரு வாரம் கடிகாரம் பார்த்துக் குறித்து, வகுத்துப் பார்த்தபின் முடிவு செய்யட்டும்.

வேலைகள் இடையில் நிறுத்தத்தக்கவை, நிறுத்தத் தகாதவை என இருவகைப்படும். மொழிபெயர்ப்பு, பிழை திருத்தம், படங்களுக்குப் பெயர் குறித்தல், சிறு வணிகர்க்கு டேலியில் கணக்கெழுதுதல் ஆகியவை முதல் வகை. பால் பொங்கினால் எழுந்து போகலாம். ஆனால் எழுந்து போய் வந்தவருக்கு விட்ட இடத்தைப் பிடிக்கவே நேரமாகும். அந்த நேரத்திற்குக் கூலி இல்லை. நேரலையில் பாடம் சொல்லுதல் இரண்டாம் வகை. பார்வைக்கு இது கடினம். எனினும் கற்பிக்கத் தெரிந்தவர்க்கு இதுவே சிறந்தது என்பேன். "ஆறரை முதல் ஏழரை வரை அம்மாவைக் கூப்பிடாதே" என்று ஒரு வீடு பழகிக்கொள்ளும். "எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்" என்ற வேலைக்கு அந்த மதிப்பு கிடைப்பதில்லை!

தமிழே இங்குச் செல்வமாகிறது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழ் ஒன்று. அங்குள்ள தமிழ்ச் சிறுவர் பள்ளியில் அதைத் தாய்மொழிப் பாடமாகப் பயில்கின்றனர். நம் மாலை 4.30 அங்கே இரவு 7 மணி. பிள்ளைகள் வீட்டிலிருக்கும் வேளை. கலிபோர்னியாவில் கோடைக்காலத்துச் சனிக்கிழமை மாலை 6 மணி என்பது நமக்கு ஞாயிறு காலை 6.30. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவதால் நமக்கு 7.30 ஆகிவிடும், அதை மறந்தால் வகுப்பு தவறும்.

துணிமணிகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி மறுவிற்பனை செய்வது இன்னொரு வழி. 2015இல் பெங்களூரில் தோன்றிய மீசோ அம்முறையால் வளர்ந்து, பின்னர் வாங்குவோர்க்கு நேரடியாக விற்பதற்கே முதன்மை தந்தது. உற்றார் உறவினரைத் தாண்டினால் இவ்வணிகம் மெலியும். யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளிக்கு வேறு அளவுண்டு. ஒருவர் 3 நிமிடம் பார்த்தால் 80,000 பார்வைகள்! விருப்பத்திற்குச் செய்யலாம், பள்ளிக் கட்டணத்திற்கு நம்ப முடியாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஏமாற்று. காணொளிக்கு 'லைக்' இட்டால் 50 ரூபாய் என்று டெலிகிராமில் அழைப்பர். முதல் நூறு, இருநூறு உண்மையாகவே வரும். தூண்டிலின் இரை அதுதான். பிறகு "ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு" என்பர். திரையில் தொகை ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் "வரி கட்டு" என்பர். 2023 டிசம்பரில் நடுவண் உள்துறை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களை முடக்கியது, புதியவை முளைத்தன. வேலை செய்பவரிடம் முன்பணம் கேட்கும் வேலை எதுவாயினும் விலகுவதே முறை. யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. அதை இடச் சொன்னால் நம் பணம் போகப்போகிறது என்றே பொருள்.

இதனினும் கொடியது, "உங்கள் வங்கிக் கணக்கைச் சிறிது காலம் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்" என்பது. பிறரிடம் பறித்த பணம் அக்கணக்கு வழியே ஓடும், கணக்கு முடங்கும், காவல்துறை வருவது கணக்குக்கு உரியவர் வீட்டிற்கே. விடுமுறைக்குச் செல்லும்போது பெற்றோரின் கைப்பேசியில் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணைப் பதிந்து வாருங்கள். பணம் பறிபோனவுடன் அழைத்தால், அது கணக்கு விட்டுக் கணக்கு பாயுமுன் நிறுத்த வாய்ப்புண்டு. ஏமாந்தது தெரிந்தால் பிள்ளைகள் ஏசுவர் என்று அஞ்சியே பலர் இரண்டு நாள் வாய் திறப்பதில்லை. "ஏசமாட்டேன், உடனே சொல்லுங்கள்" என்பதையும் அப்போதே சொல்லி வாருங்கள்.