பிழைத்ததை வைத்து எடை போடாதே

அன்புள்ள மகளுக்கு,

தெருவில் கிடந்த நாய்க்குட்டியை வீட்டில் சேர்த்துக்கொண்டாய் என்று உன் அப்பா சொன்னான். மகிழ்ச்சி. சென்னையில் எந்த டாக்டரிடம் காட்டுவது, ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்களே என்று கேட்டிருந்தாய். ஒரே கிளினிக்கை ஒருவர் கோயில் என்கிறார், இன்னொருவர் பக்கத்திலேயே போகாதே என்கிறார். காப்பகங்களைப் பற்றிய பேச்சும் அப்படித்தான் இருக்கிறது. யாரை நம்புவது என்பது உன் கேள்வி. இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்றாலும், அதை வைத்து நீ எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது என் எண்ணம். அவர்கள் சொல்வதெல்லாம் அவரவர் பிராணிக்கு என்ன நேர்ந்தது என்பதுதான். நாய் பிழைத்த வீட்டுக்காரர் டாக்டரைக் கும்பிடுகிறார், நாயைப் பறிகொடுத்தவர் சபிக்கிறார். அந்த டாக்டர் எதைச் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்று தேடினால் இரண்டு பேச்சிலும் கிடைக்காது. நீ பார்க்க வேண்டியது அதைத்தான்.

உன் குட்டியின் வயதுக்கு மிகவும் ஆபத்தான பார்வோவையே எடுத்துக்கொள். நாய்களைத் தாக்கும் இந்த வைரஸ் 1978-இல்தான் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் ஒரே நேரத்தில் தாக்குவதால், குட்டி வாந்தியிலும் ரத்தக் கழிச்சலிலும் நீரிழந்து துவளும்போது அதன் வெள்ளணுக்களும் குறைந்துபோகின்றன. சிகிச்சை என்பது பெரும்பாலும் டிரிப்ஸ் ஏற்றி நீரிழப்பை ஈடுகட்டுவது, வாந்தியை அடக்குவது, புண்ணான குடல் வழியே ரத்தத்தில் நுழையும் பாக்டீரியாக்களைத் தடுப்பது. இதைக் குறையில்லாமல் செய்தாலும் சில குட்டிகள் இறந்துபோகும். அரைகுறையாகச் செய்தாலும் சில தப்பித்துவிடும். அப்படியிருக்க, ஒரு குட்டி பிழைத்ததை வைத்தோ இறந்ததை வைத்தோ அந்த டாக்டரின் திறமையை எப்படி அளப்பாய்? இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிருமி தொற்றியதிலிருந்து நோய் வெளியே தெரிய 3 முதல் 7 நாள் வரை ஆகும். திங்கட்கிழமை தடுப்பூசி போட்ட குட்டி புதன்கிழமை ரத்தமாகக் கழித்தால், ஊசிதான் நோயைக் கொண்டுவந்தது என்று வீட்டார் உறுதியாக நம்புவார்கள். ஊசிக்கு முன்பே கிருமி உள்ளே இருந்திருக்கும் என்பதை அந்தத் துக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை.

‘இரண்டு ஊசி போட்டும் செத்துவிட்டது, ஊசியே போலி’ என்ற புகாரும் உன் காதில் விழும். குட்டி பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. முதல் சில வாரங்கள் அதைக் காப்பவை அவைதான். ஆனால் தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த வைரஸையும் அவை அழித்துவிடும். அவை எந்த வாரத்தில் தீர்ந்துபோகும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை என்று 16 வாரம் வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பத்தாவது வாரத்தோடு நிறுத்திய குட்டிக்கு நோய் வந்தால் ஊசியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அதே சமயம் எல்லாப் புகாரையும் இப்படித் தள்ளிவிடவும் கூடாது. தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சென்னை வெயிலில் சில மணி நேரம் மின்சாரம் போனால் அந்த ஃபிரிட்ஜ் என்ன ஆகும் என்பதை யோசித்து ஏற்பாடு செய்திருக்கும் கிளினிக்கும் உண்டு, யோசிக்காத கிளினிக்கும் உண்டு. மின்வெட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுப் பார். முறையாக நடத்துபவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

முடிவை வைத்து எடை போடும் தவறு வயதான நாய்கள் விஷயத்தில் இன்னும் கூடுதலாக நடக்கிறது. சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்கு செயலிழக்கும்வரை நாய் வெளியே பெரிதாக எதையும் காட்டாது. அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதே என்று நாம் கவனிப்பதற்குள் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். ‘போன வாரம்வரை நன்றாகத்தான் இருந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது அதுதான். இனி வதைக்க வேண்டாம், தூங்க வைத்துவிடலாம் என்று சொல்லும் டாக்டருக்குக் கொலைகாரர் என்ற பெயரும், கடைசி நாள்வரை ஊசி போட்டுப் பணம் வாங்கியவருக்குப் போராடிப் பார்த்தவர் என்ற பெயரும் கிடைப்பது எனக்குப் பெரிய வருத்தம். முதலாமவர்தான் அந்த நாயின் பக்கம் நின்றவராக இருக்கலாம்.

நான் டாக்டருக்குப் படிக்கவில்லையே, செய்முறையை எப்படி எடை போடுவது என்று நீ கேட்கலாம். படித்தவருக்கு மட்டுமே தெரிகிற விஷயங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கண்ணுக்கு முன்னால் நடப்பவை கொஞ்சமல்ல. குட்டியை எடை பார்த்துவிட்டு மருந்தின் அளவை எழுதினாரா, கண்ணால் மதிப்பிட்டு எழுதினாரா? காய்ச்சல் பார்த்தாரா, வாயைத் திறந்து ஈறின் நிறத்தைப் பார்த்தாரா, வயிற்றை அழுத்திப் பார்த்தாரா? வீட்டில் ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டாரா? நமக்கு வலி தீர்க்கும் டைக்ளோஃபினாக்கும் இபுப்ரோஃபெனும் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்குப் பாரசிட்டமால் உயிரையே எடுக்கும். இதைக் கேட்காத டாக்டர் பாதி நோயைத் தெரியாமலே மருந்து எழுதுகிறார். அவர் கேட்டும் நாம் மறைத்தால் பழி நம்முடையது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் பார்க்கச் சொல்வது காத்திருக்கும் இடத்தை. பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரண சோப்புக்கு அது சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். கழிச்சலோடு வந்த குட்டியையும் முதல் ஊசிக்கு வந்த குட்டியையும் ஒரே தரையில் உட்கார வைக்கும் கிளினிக், உள்ளே எவ்வளவு கெட்டிக்கார டாக்டரை வைத்திருந்தாலும், உன் குட்டிக்கு ஆகாது. ‘ஆட்டோவிலேயே இருங்கள், கூப்பிடுகிறோம்’ என்று சொல்லும் இடத்தைப் பலர் திமிர் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது முதல் தரமான அக்கறையாகப் படுகிறது.

பணத்துக்காக டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள் என்பது அடுத்த குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மனிதர்களுக்குப் போல இங்கே பிராணிகளுக்குக் காப்பீடு பரவலாக இல்லை, எல்லாம் கைக்காசுதான். ஆனால் உண்ணிக் காய்ச்சலைப் பார். ஒரே உண்ணி கடித்து எர்லிக்கியாவும் வரலாம், பபேசியாவும் வரலாம். இரண்டிலும் காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் கேட்கும், பபேசியாவுக்கு அது மட்டும் போதாது, வேறு மருந்து வேண்டும். ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்காமல் ஊகத்தில் ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து இன்னொன்றுக்கு மாற்றினால் அந்த ஒரு வாரம் நாய்க்குத் திரும்பக் கிடைக்காது. ஆகவே டெஸ்ட் எழுதினாரா என்று பார்க்காதே. ‘இதன் முடிவு எப்படி வந்தால் மருந்து எப்படி மாறும்?’ என்று கேள். இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்பவரிடம் செலவு செய்யலாம். பதில் சொல்லத் தெரியாமலோ மனமில்லாமலோ எழுதிய டெஸ்டை எடுக்க வேண்டிய கட்டாயம் உனக்கில்லை. மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டுக்கொள். கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். அதற்குள் எதை முதலில் செய்யலாம் என்று சொல்வது டாக்டரின் வேலை.

வேப்பேரியைப் பற்றியும் கேட்டிருந்தாய். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. கூட்டம், காத்திருப்பு, மாணவர்கள் கைவைக்கிறார்கள் என்று பலருக்கு அதன்மேல் குறை. மூத்த ஆசிரியரின் பார்வையில் மாணவர் செய்யும் பரிசோதனை பல நேரம் தனியார் அவசரத்தைவிட நிதானமாக இருக்கும். தனித்தனித் துறைகள், ஸ்கேன், அறுவைசிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். சிக்கலான நோய்க்கு முதலில் அங்கே போ என்பேன். ஊசி முடியாத குட்டியை வெறும் ஊசிக்காக அங்கே தூக்கிப் போக வேண்டாம். ஊரிலுள்ள நோயெல்லாம் வந்து சேரும் இடம் அது. வீட்டுப் பக்கத்துக் கிளினிக் போதும்.

இப்படியெல்லாம் சொல்வதால் தவறு செய்யும் டாக்டர்களைத் தப்ப விடுகிறேன் என்று நினைத்துவிடாதே. சொல்லப்போனால், முடிவை வைத்துப் பேசும் பழக்கம்தான் அவர்களைத் தப்ப விடுகிறது. அலட்சியமாக நடந்தும் நாய் பிழைத்துவிட்டால் யாரும் கேட்பதில்லை. இறந்துவிட்டால் வெறும் கூச்சலோடு முடிந்துபோகிறது, ஏனென்றால் கையில் ஒரு காகிதமும் இல்லை. எல்லா மருந்துச் சீட்டையும் ரிப்போர்ட்டையும் வாங்கி ஒரு ஃபைலில் வை. சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பார். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் மருத்துவம் பார்க்கலாம். பெட் ஷாப்பில் ஊசி போட்டுவிடுகிறேன் என்பவருக்கு அந்தத் தகுதி கிடையாது. பதிவு பெற்றவர் தவறினால் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் முறையிடலாம், கட்டணம் வாங்கிச் செய்த சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கெல்லாம் நாய் இறந்தது என்பது மட்டும் வழக்காகாது. செய்ய வேண்டிய எதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும்.

காப்பகங்களுக்கும் இதே அளவுகோல்தான், ஆனால் இங்கே மனத்தாங்கல் இன்னும் அதிகம். ‘இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், இவர்களுக்கு எதற்கு நன்கொடை?’ என்று கேட்பவர்களை நீ சந்திப்பாய். காப்பகத்தில் நெருக்கம் கூடினால் டிஸ்டெம்பரும் பார்வோவும் கூண்டு கூண்டாகத் தாவும். புதிதாக வரும் நாயைக் கொஞ்ச நாள் தனியே வைத்துப் பார்க்க இடமில்லாத காப்பகம், அதை உள்ளே விட்டால் ஏற்கெனவே இருக்கும் நாய்களைப் பலி கொடுக்க வேண்டிவரும். எத்தனை நாய் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும் இடத்தைப் பார்த்துத்தான் நான் அஞ்சுவேன். அவை எங்கே போகின்றன? எத்தனை தத்துப் போயின, எத்தனை இறந்தன என்று கேட்டால் கணக்கைக் காட்டுகிறார்களா, எல்லாக் கூண்டுகளையும் பார்க்க விடுகிறார்களா என்பதுதான் சோதனை. தத்தெடுக்கப் போனால் வீடு சொந்தமா, பகலில் யார் இருப்பார்கள், கருத்தடை செய்வீர்களா என்று துருவித் துருவிக் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்காமல் கொடுக்கும் இடத்தில் எந்த நாயும் பத்திரமாக இல்லை.

தெருநாயைப் பிடித்துப்போய்க் கருத்தடை செய்துவிட்டுத் திரும்ப இங்கேயே விட்டுவிட்டார்கள் என்ற கோபமும் இந்த வகைதான். சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் என்ற பிராணிநல அமைப்பு, 1964-லேயே கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை என்ற வழியை எடுத்தது. பிறகு 2001-இல் வந்த நாய்க் கருத்தடை விதிகள், பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்றன. அவற்றுக்குப் பதிலாக வந்த 2023-இன் விதிகளும் அதையே சொல்கின்றன. 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றமே, அதே மாதம் 22-ஆம் தேதி அதை மாற்றி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே பகுதியில் விடச் சொன்னது. பள்ளி, ஆஸ்பத்திரி போன்ற வளாகங்களுக்கு நவம்பரில் தனி உத்தரவு வந்தது. கடிபட்டவர்களின் பயத்தையும் வலியையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் விதிப்படி நடந்த தொண்டர்களைத் திட்டுவதால் கடி குறையாது. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் எத்தனை நாய்க்குப் போய்ச் சேர்ந்தன என்பதைத்தான் கேட்க வேண்டும்.

காப்பக வாசலில் இரவோடு இரவாக நாயைக் கட்டிவிட்டுப் போகிறவர்களும் தங்கள் பிராணியை நல்ல இடத்தில் சேர்த்ததாகத்தான் நினைக்கிறார்கள். பிராணியை அன்னம் தண்ணீரின்றித் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் இன்றும் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்குள்தான். சட்டம் இவ்வளவு மலிவாக வைத்திருப்பதை நீ மலிவாக எண்ணாதே. வேலை மாறினாலும், வீடு மாறினாலும், கல்யாணம் ஆனாலும் இந்தக் குட்டிக்குக் காப்பகம் ஒரு வழியல்ல என்று இப்போதே முடிவு செய்துகொள்.

குட்டிக்கு ஏழெட்டு வாரம் இருக்கும் என்கிறாய். இந்த வாரமே எடை பார்த்து, குடற்புழு மருந்து கொடுத்து, முதல் ஊசியைப் போட்டுவிடு. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். மாநகராட்சி உரிமமும் வாங்கிவிடு. 16 வாரத்து ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை தெரு மண்ணில் இறக்காதே. டாக்டர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
பெரியப்பா