தும்மலுக்குக் காரணம் பக்கத்துக் காலி மனையா?

விடிந்ததும் அடுக்குத் தும்மல் வந்தால் வாசல் செம்பருத்தியின் மேல்தான் முதல் சந்தேகம் விழும். பாவம் அது! நிறம் காட்டிப் பூச்சியை அழைக்கும் பூக்களின் மகரந்தம் பெரும்பாலும் பிசுபிசுப்பானது, காற்றில் அதிகம் பறக்காது. தொல்லை தருபவை, பூத்திருப்பதே நம் கண்ணில் படாத செடிகள்.

1. சந்தேகப் பட்டியலில் முதலிடம் காலி மனைகளில் மண்டும் பார்த்தீனியத்துக்கு. அடுத்து சீமைக் கருவேலம், சவுக்கு, ஆமணக்கு, முள்ளுக்கீரை, புல் வகைகள். ராமநாதபுரத்துக்காரருக்குச் சீமைக் கருவேலம் என்றால், கடலூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பு.

2. காய்ச்சலும் உடம்புவலியும் இருந்தால் சளி. காய்ச்சலே இல்லாமல் மூக்கு தண்ணீராக ஒழுகி, கண்ணும் மேலண்ணமும் அரித்து, வாரக்கணக்கில் நீடித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். எந்த மாதம், எந்த இடத்தில் தும்மல் கூடுகிறது என்று காலண்டரிலேயே குறித்து வையுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

3. பார்த்தீனியத்தின் வெள்ளைப் பூ தலைகாட்டுவதற்குள் பிடுங்கிவிட வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு வரும். வெறுங்கையால் தொடாதீர்கள், தோலும் தடித்து அரிக்கும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் அவசியம். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம். பிடுங்கியதைக் கொளுத்தினால் புகை வேறு மூக்கில் ஏறும். குழி தோண்டிப் புதையுங்கள். லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்து நல்ல வெயிலில் தெளித்தாலும் செடி கருகும். ஆனால் மண் கெடும் என்பதால், எதுவும் பயிரிடாத தரிசில் மட்டும் தெளிக்கலாம். பக்கத்து மனைக்காரரிடம் சொல்லி அலுத்துவிட்டால், தெருவே சேர்ந்து ஒரு ஞாயிறு இறங்குவதுதான் வழி.

4. பார்த்தீனியத்தால் தோல் அரிப்பு வருபவர்களில் சிலருக்குச் சாமந்தியும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். பூக்கட்டும் போது கை அரித்தால் கவனியுங்கள்.

5. பூக்கும் பருவத்தில் தலையணை உறை, போர்வையை மொட்டை மாடியில் காயப்போட வேண்டாம். வெளியே போய் வந்ததும் முகம் கழுவி உடை மாற்றுங்கள். தலைமுடியில் ஒட்டிய மகரந்தத் தூள் தலையணைக்குப் போகாதபடி இரவில் குளிப்பது நல்லது. துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள்.

6. மூக்கைக் கழுவ: கொதித்து ஆறிய 250 மி.லி. நீரில் அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடாதீர்கள். அதிலிருக்கும் அமீபா மூளைக்கு ஏறிய சம்பவங்கள் உண்டு.

7. மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகும். டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு வகை. தினமும் அடித்தால்தான் பலன், அதுவும் முழுதாகத் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். தும்மல் மாத்திரை சிலருக்குத் தூக்கம் தரும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம்.

8. நெஞ்சில் விசில் சத்தம், இரவில் இருமல், மூச்சிரைப்பு இருந்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். எந்த மகரந்தம் என்று கண்டுபிடிக்கத் தோலில் ஊசியால் லேசாகக் குத்திச் செய்யும் சோதனை இருக்கிறது. சாப்பிடும் தும்மல் மாத்திரைகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; சோதனைக்குச் சில நாள் முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வார்கள்.